ஏனாமுக்குத் தெலுங்கு, மாஹேவுக்கு மலையாளம்: புதுவைத் தொழிலாளிக்கு இதில் என்ன?

“இது தமிழ் மண். இங்கே தமிழ்தான் ஆளவேண்டும். சிறுபான்மை மொழிக்காரனுக்குத் தனிச் சட்டம் எதற்கு? தனிப் பாதுகாப்பு எதற்கு?”

புதுவையில் இப்படி ஒரு பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. ஏனாமுக்கோ மாஹேவுக்கோ சர்க்கார் பணம் ஒதுக்கினால் கிளம்புகிறது. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனைத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகளைப் பற்றி வாய் திறந்தால் இன்னும் காரமாகக் கிளம்புகிறது.

தமிழ் ஆளவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் உள்ள கூலி விவசாயிக்கு, பாட்டன் காலத்தில் நொத்தேர் எழுதிய பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. பேரன் காலத்தில் வரும் நோட்டீஸ் இங்கிலீஷில் இருக்கிறது. இரண்டையும் படிக்க அவன் யாரையாவது கெஞ்ச வேண்டும். இந்தக் கேவலம் ஒழியவேண்டும். ஆனால் “தமிழ் ஆளவேண்டும்” என்பது வேறு, “தமிழன் அல்லாதவன் வாயை மூடிக்கொண்டு கிடக்கவேண்டும்” என்பது வேறு. முதலாவது ஜனங்களின் கோரிக்கை. இரண்டாவது முதலாளியின் கோரிக்கை. அது எப்படி முதலாளியின் கோரிக்கை ஆகும் என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

வெள்ளைக்காரன் கொடுத்த ‘பாதுகாப்பு’

‘பாதுகாப்பு’ என்ற சொல்லைப் புதுவை மக்கள் புதிதாகக் கேட்கவில்லை. 1819ல் பிரெஞ்சு ஆட்சி தன் சட்டங்களை இங்கே அமுல் செய்தபோதே, இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படி விசாரிப்போம் என்று வாக்குக் கொடுத்தது. காதுக்கு இனிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் சாதி வழக்கத்தை யார் சொல்வது? சாதித் தலைக்கட்டுக்காரர்கள் சொல்வார்கள். சேரியில் கிடந்த உழைப்பாளிக்கு அது பாதுகாப்பா, விலங்கா? 1881ல் சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று உத்தரவு வந்தது. சாதிச் சட்டம் போதும் போதும் என்றாகிவிட்டவர்கள் பலர் அந்தக் கதவு வழியே வெளியேறப் பார்த்ததில் ஆச்சரியம் என்ன?

பின்பு 1884ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். வெள்ளையருக்கு ஒன்று, வழக்கம் துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று. கையளவு வெள்ளையருக்கும், கடல் போன்ற ஜனத்தொகைக்கும் தனித்தனிப் பட்டியல்! சிறுபான்மைப் பாதுகாப்பு என்றால் இதுவும் ஒரு சிறுபான்மைப் பாதுகாப்புத்தான். ஆளுகிற சிறுபான்மைக்குப் பாதுகாப்பு!

1936 ஜூலை 30ந் தேதி சவானா மில் தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். அன்று அந்தத் தொழிலாளியை எந்த வழக்கமும், எந்தப் பட்டியலும் பாதுகாக்கவில்லை. அவன் சிந்திய ரத்தம்தான் அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்தது.

ஆகவே ‘பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால் நாம் உடனே கைதட்டுவதும் இல்லை, உடனே கோபிப்பதும் இல்லை. யாருக்குப் பாதுகாப்பு, யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்கிறோம். உழைப்பாளியை வழக்கத்தின் பேரால் கட்டிப்போடுவது ஒன்று. உழைப்பாளி தன் மொழியில் கேட்கவும், படிக்கவும், மனுப் போடவும், வழக்காடவும் உரிமை தருவது இன்னொன்று. நாம் கேட்பது இரண்டாவதை.

ஒப்பந்தம் நின்றது யாரால்?

1954 அக்டோபர் 18ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். நவம்பர் 1ந் தேதி ஆட்சி கை மாறியது. 1956 மே 28ல் இரு சர்க்கார்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சுப் பார்லிமெண்ட் அதை ஏற்று, அது அமுலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துக்கள் கவனிக்கத்தக்கவை. புதுவையின் தனி அந்தஸ்தில் மாறுதல் செய்வதானால் ஜனங்களின் விருப்பத்தை அறிந்தே செய்யவேண்டும் என்கிறது 2வது ஷரத்து. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது 28வது ஷரத்து. அதாவது பெரும்பாலோருக்குப் புரியாத மொழிக்கு சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்புக் கிடைத்தது! தெலுங்குக்கும் மலையாளத்துக்கும், ஏன், தமிழுக்குமேகூட அப்படி ஒரு ஷரத்து எழுதப்படவில்லை.

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுவைப் பிரதேசத்தை அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடும் யோசனையை வெளியிட்டார். காகிதத்தில் 2வது ஷரத்து பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் யோசனையைத் தடுத்தது காகிதமா? இல்லை. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ரத்தம் சிந்தினார்கள். அதன் பிறகே டில்லி பின்வாங்கியது. சட்டத்தின் வரி ஒரு கை, மக்களின் திரட்சி மறு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

‘வேண்டும்’ என்பதும் ‘கூடும்’ என்பதும்

இப்போது நம் சொந்தச் சட்டத்தைப் பார்ப்போம். புதுவைச் சட்டசபை 1965ல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேற்றியது. சர்க்கார் காரியங்களுக்குத் தமிழே மொழி, அதற்கான தேதியை நிர்வாகி அறிவிப்பார் என்று எழுதினார்கள். இங்கிலீஷும் தொடரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் நிர்வாகி உத்தரவிட்டால், அவர் சொல்லும் காரியங்களுக்கு, அவர் விதிக்கும் நிபந்தனைகளின்படி உபயோகிக்கலாம் என்றார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். சிறுபான்மை மொழிக்காரனின் உரிமை ‘கூடும்’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. நிர்வாகிக்கு மனம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உரிமை என்பது ஒருவர் மனத்தைப் பொறுத்ததானால் அதற்குப் பெயர் உரிமையா? சலுகை. சலுகை கொடுத்த கை எந்த நேரமும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கோப்பு இங்கிலீஷில்தான் நடக்கிறது. ‘வேண்டும்’ என்று எழுதிய தமிழுக்கே இந்தக் கதி என்றால், ‘கூடும்’ என்று எழுதிய தெலுங்கின் கதி என்ன? தமிழையும் தெலுங்கையும் மலையாளத்தையும் ஒரே கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பது இங்கிலீஷ் படித்த அதிகார வர்க்கம். வெளியே நிற்கும் மூன்று பேரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பவருக்குக் கொண்டாட்டம்!

ஏனாம் இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல். மாஹே 600 கிலோமீட்டருக்கு மேல். முப்பது எம்.எல்.ஏ.க்களில் புதுவைக்கு 23, காரைக்காலுக்கு 5, ஏனாமுக்கு 1, மாஹேவுக்கு 1. தொகுதிகளைத் திருத்தியமைப்பதற்கு முன்பு மாஹேவுக்கு 2 இடம் இருந்தது. 2011 தேர்தல் முதல் அதுவும் ஒன்றாகிவிட்டது. 28 பேர் ஒரு பக்கம், 2 பேர் ஒரு பக்கம். கையைத் தூக்கி ஓட்டெடுத்தால் அந்த இருவர் எந்நாளும் ஜெயிக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் சட்டப் பாதுகாப்பு என்பதே ஏற்பட்டது. ஓட்டெண்ணிக்கையால் பறிக்க முடியாத சில உரிமைகள் இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள். பெரும்பான்மை ஆட்சி ஜனநாயகம்தான். ஆனால் சிறுபான்மையின் வாயை அடைக்கும் பெரும்பான்மை ஜனநாயகம் அல்ல, கும்பல்.

அரசியல் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்திய அரசியல் சட்டத்தில் பல ஷரத்துக்கள் இருக்கின்றன. தொழிலாளி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

29வது ஷரத்து: தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உள்ள எந்தப் பகுதி மக்களும் அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 30வது ஷரத்து: மொழிச் சிறுபான்மையினரும் மதச் சிறுபான்மையினரும் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தலாம்.

350வது ஷரத்து: குறை தீர்க்கக் கோரி எந்த அதிகாரிக்கும், அந்த மாநிலத்திலோ நாட்டிலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம். “இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா” என்று மனுவைத் திருப்பி எறியும் குமாஸ்தாவுக்கு இந்த ஷரத்தை நினைவூட்டுங்கள். ஆனால் ஒன்று. மனுவைத் தாய்மொழியில் கொடுக்கலாம் என்ற சட்டம், பதிலைத் தாய்மொழியில் தரவேண்டும் என்று சொல்லவில்லை. கேட்க உரிமை உண்டு, பதில் புரிய உரிமை இல்லை!

350அ ஷரத்து 1956ல் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் ‘முயற்சி’ செய்யவேண்டும். முயற்சி! பலித்ததா என்று யார் கேட்பது? அதற்கு 350ஆ ஷரத்தில் ஒரு விசேஷ அதிகாரி. அவர் விசாரிப்பார், ஜனாதிபதிக்கு அறிக்கை தருவார், அறிக்கை பார்லிமெண்டின் மேஜைக்கு வரும். அவர் உத்தரவு போட முடியாது. பல் இல்லாத வாய்க்குக் கரும்பு கொடுத்த கதை.

புதுவை, காரைக்கால் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடம், மாஹேயில் கேரளப் பாடம், ஏனாமில் ஆந்திரப் பாடம் என்று பல பத்தாண்டுகள் நடந்து வந்தது. குறைகள் இருந்தாலும், பிள்ளை வீட்டில் பேசும் மொழிக்கும் பள்ளிக்கும் ஒரு தொடர்பு இருந்தது. 2023-24ல் அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கும் மத்தியப் பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. தாய்மொழி வழிக் கல்வியின் கதி என்ன என்ற கேள்வி அப்போது ஏனாமில் மட்டும் எழவில்லை, புதுவையிலும் எழுந்தது. சிறுபான்மையின் பள்ளியைக் காக்கும் வேலி பெரும்பான்மையின் பயிரையும் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஒரு நல்ல தீர்ப்பையும் சொல்லவேண்டும். தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்குக் காரணங்களை இங்கிலீஷில் கொடுத்தார்கள். “எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியில் கொடுங்கள்” என்று அவர் கேட்டார். மறுத்தார்கள். 1962ல் சுப்ரீம் கோர்ட், புரியாத மொழியில் காரணம் கொடுப்பது கொடுத்ததாகவே ஆகாது என்று சொல்லி அவரை விடுவித்தது. புரியாத காகிதம் காகிதமே அல்ல. இந்த ஒரு நியாயத்தைப் போலீஸ் ஸ்டேஷனோடு நிறுத்தாமல் தாலுகா ஆபீசுக்கும், ஆஸ்பத்திரிக்கும், ஆலைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆலைச் சுவரில் தொங்கும் பலகை

ஆலைக்கே வருவோம். 1946ம் வருஷத்து நிலையாணைச் சட்டமும், 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் பல பத்தாண்டுகள் ஆலைகளை ஆண்டன. ஆலையில் ஒட்டும் விதிகளும் அறிவிப்புகளும் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்று அவை சொன்னன? இங்கிலீஷிலும், ‘பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும்’ மொழியிலும்.

ரோடியர் மில்லிலும் சவானா மில்லிலும் அது போதுமாக இருந்திருக்கலாம். அங்கே தமிழ்த் தொழிலாளிகளே அதிகம். இன்று அந்த ரோடியர் மில், ஏ.எப்.டி. என்று பெயர் மாறி, 2020ல் மூடியும் ஆகிவிட்டது. இன்றைய தொழிற்பேட்டையின் நிலைமை வேறு. ஒரே மெஷினின் இந்தப் பக்கம் வில்லியனூர்க்காரன், அந்தப் பக்கம் பீகார்க்காரன். “மெஷினை நிறுத்தாமல் கை விடாதே” என்று பலகை தமிழில் இருக்கிறது. பீகார்த் தொழிலாளியின் கை அதில் போகிறது. நஷ்டஈட்டுப் பாரம் இங்கிலீஷில் வருகிறது. அவன் கைநாட்டு வைக்கிறான். எதில் வைத்தோம் என்பது அவனுக்குத் தெரியாது.

இதில் தமிழ்த் தொழிலாளிக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சட்டக் கூலி எவ்வளவு என்று புரியாதவனைக் குறைந்த கூலிக்கு வைக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். சங்கம் என்ன சொல்கிறது என்று புரியாதவனை ஸ்டிரைக் நாளில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம். அப்புறம் தமிழ்த் தொழிலாளியிடம் திரும்பி, “அவன் இந்தக் கூலிக்கு வருகிறான், உனக்கு ஏன் அதிகம்?” என்று கேட்கலாம். அவனுடைய ஊமைத்தனம்தான் உன் கூலியை அறுக்கும் கத்தி! அந்தக் கத்தியைப் பிடித்திருப்பவன் காண்டிராக்டர். கோபத்தைக் கத்தியின் மேல் காட்டுகிறாய், பிடித்த கையை விட்டுவிடுகிறாய்.

பழைய சட்டங்களைச் சுருட்டி 2019லும் 2020லும் நான்கு தொகுப்புகளாகப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. பெயர் எதுவானாலும் நம் கோரிக்கை ஒன்றே. ‘பெரும்பாலோர் மொழி’ போதாது. ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளியின் மொழியிலும் விதி, கூலி, அபாய எச்சரிக்கை இருக்கவேண்டும்.

இலங்கை தரும் பாடம்

சட்டப் பாதுகாப்பு வீண் பேச்சு என்று நினைக்கும் தமிழன் கடலுக்கு அப்பால் பார்க்கட்டும்.

இலங்கை சுதந்திரம் பெற்றபோது அதன் அரசியல் சட்டத்தின் 29வது பிரிவில், ஒரு சமூகத்தின்மீது மட்டும் இடைஞ்சல் சுமத்தும் சட்டம் செல்லாது என்று எழுதியிருந்தது. அழகான வாசகம். 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளிகள் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் ஓட்டளித்தார்கள். தோட்ட முதலாளிகளின் சர்க்காருக்கு இது பொறுக்குமா? 1948ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்த அத்தாட்சியைக் காட்டு என்றார்கள். கூலி லயத்தில் பிறந்தவனிடம் ஏது அத்தாட்சி? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷமே ஓட்டும் பறிபோனது.

அந்தச் சர்க்காரில் 1948லேயே மந்திரியாகச் சேர்ந்தவர் யார்? யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம்! அதைச் சகியாமல் பிரிந்த செல்வநாயகம் 1949ல் தமிழரசுக் கட்சியைக் கண்டார். தோட்டத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனான். 1953ல் லண்டன் பிரிவி கவுன்சில், யார் பிரஜை என்று தீர்மானிப்பது பார்லிமெண்டின் அதிகாரம், 29வது பிரிவு மீறப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையாம்! பெயர் எழுதாமலே கழுத்தை அறுக்கலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று.

தோட்டத் தொழிலாளி தலையில் விழுந்த அடி, எட்டே வருஷத்தில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவின் தலையிலும் விழுந்தது. 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் ஆடுமாடுகளைப் போல் பிரித்தது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1972ல் புதிய குடியரசு அரசியல் சட்டம் அந்த 29வது பிரிவையே கைவிட்டது. அதைத் தயாரித்த மந்திரி கொல்வின் ஆர். டி சில்வா. 1956ல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து முழங்கிய அதே இடதுசாரித் தலைவர்! தொழிலாளி இயக்கம் பெரும்பான்மை வெறிக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இது கல்லில் வெட்டிய சாட்சி. மலையகத்தில் மீதி இருந்தவர்களின் பிரஜா உரிமைக்குச் சட்டம் 2003ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம்!

அங்கே தமிழன் சிறுபான்மை. பெங்களூரில் தமிழன் சிறுபான்மை. 1991ல் காவிரியின் பேரால் அங்கே தமிழ்த் தொழிலாளிகளின் குடிசைகள் எரிந்ததை மறந்துவிட்டோமா? தாராவியிலும் தமிழன் சிறுபான்மை. இலங்கையில் எது அநீதியோ அது ஏனாமிலும் அநீதி. பெங்களூரில் எது அக்கிரமமோ அது திருபுவனையிலும் அக்கிரமம். நியாயத்துக்கு ஊருக்கு ஒரு படி, நாட்டுக்கு ஒரு மரக்கால் கிடையாது.

“செலவாகும்” என்பவர்களுக்கு

இத்தனை மொழியில் காகிதம் அடித்தால் செலவு என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை! மது ஏலத்திலும் வரியிலும் ஏனாம் பணமும் மாஹே பணமும் புதுவைக் கஜானாவுக்கு வரும்போது எந்த மொழி என்று யாரும் கேட்பதில்லை. திருப்பித் தரும்போது மட்டும் மொழி உறுத்துகிறது.

தமிழ் குறைந்துவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். ஏனாம் மீனவனுக்குத் தெலுங்கில் ரசீது கொடுத்தால் புதுவையில் தமிழ் எப்படிக் குறையும்? தமிழைக் குறைத்தது பிரெஞ்சு, குறைத்துக்கொண்டிருப்பது இங்கிலீஷ், குறைக்கக் காத்திருப்பது டில்லியின் இந்தித் திணிப்பு. இவற்றை எதிர்க்கத் தெம்பில்லாதவர்கள்தான் பீகார்க் கூலியிடம் வீரம் காட்டுகிறார்கள்.

நாம் கோருவது

1. 1965ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தவேண்டும். ஏனாமில் தெலுங்கும் மாஹேயில் மலையாளமும் நிர்வாகியின் தயவால் அல்ல, சட்டத்தின் உரிமையால் வழங்கவேண்டும். புதுவையிலும் காரைக்காலிலும் தமிழ்க் கோப்பு ஏட்டில் மட்டுமல்ல, மேஜையில் நடக்கவேண்டும்.

2. மனு எந்த மொழியோ பதிலும் அந்த மொழியில் வரவேண்டும்.

3. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைப்பதை ‘முயற்சி’ என்பதிலிருந்து கடமை என்று மாற்றவேண்டும்.

4. ஆலை விதிகள், கூலிச் சீட்டு, அபாய எச்சரிக்கை, விபத்துப் பாரம் ஆகியவை அங்கு வேலை செய்யும் ஒவ்வொருவர் மொழியிலும் இருக்கவேண்டும்.

5. மொழிச் சிறுபான்மை அதிகாரிக்கு அறிக்கை எழுதும் பேனா மட்டும் போதாது. உத்தரவிடும் அதிகாரமும் வேண்டும்.

இவற்றில் நான்காவது கோரிக்கைக்குச் சட்டசபை கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதைச் சங்கங்கள் நாளைக்கே ஆரம்பிக்கலாம். சங்க நோட்டீசை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். வாசல் கூட்டத்தில் அவர்களில் ஒருவரைப் பேசவிடுங்கள். அவன் பேச்சு நமக்குப் புரியாமல் போகலாம். ஆனால் கூலியை உயர்த்து என்று அவன் தன் மொழியில் கேட்கும் நாளில், முதலாளிக்கு அது நன்றாகப் புரியும்!